திங்கட்கிழமை அளவு சனிக்கிழமைக்குச் சான்று ஆகாது: காந்தத் துகள் சோதனைக் கூட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

எஃகு உருப்படியில் விரிசல் தேடும் சோதனைத் தொட்டியின் திரவத்தில் காந்தத் துகள் எவ்வளவு இருக்கிறது என்ற செறிவை இனி ஒவ்வொரு ஷிஃப்டிலும் அளக்க வேண்டாம், வாரம் ஒருமுறை திங்கட்கிழமை அளந்தால் போதும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் பட்டறைக்கும் வந்தது. அதில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஷிஃப்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகிறது என்பது ஒன்று. அளவு எப்போதும் ஒன்றாகத்தான் வருகிறது, ஆகவே தினமும் அளந்து பயனில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மதுரையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள் பங்குப்பணம் போட்டு உண்டாக்கிய கூடம் இது. என் பணமும் அதில் இருக்கிறது. குழுவின் மேசைக்கு மட்டும் எழுதாமல், கூடத்துக்கு வேலை அனுப்புகிற எல்லோரும் படிக்கும்படி எழுதுவது அதனால்தான்.

திருமங்கலம் சாலையில் லேத்தும் மில்லிங்கும் வைத்து நடத்துகிறேன். அதற்கு முன்பு ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பல வருடம் கறுப்பு விளக்கு (புறஊதா விளக்கு) அறையில் உட்கார்ந்து கிராக் டெஸ்ட், அதாவது விரிசல் சோதனை, பார்த்தவன். இப்போது எங்களிடம் ஓடுவது டிராக்டரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில், கிங்பின், டிரெய்லர் பின், மேலூர்ப் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷர்களுக்கான ஷாஃப்ட். திருவிழாக் காலம் நெருங்கினால் ராட்டினங்களுக்கான ஷாஃப்டும் பின்னும் வரும். மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது அந்த ராட்டினங்களில் யார் ஏறுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பின் ஒவ்வொன்றோடும் "விரிசல் இல்லை" என்று உங்கள் முத்திரை போட்ட தாள் ஒன்று போகிறது. அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

குழுவில் உள்ள சிலருக்கு இந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்ப்பு இருந்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகைக் காந்தமாக்கினால் காந்தப் புலம் உலோகத்துக்குள்ளேயே ஓடும். வழியில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தால் அந்த இடத்தில் புலம் வெளியே கசியும். கசிகிற இடத்தில் நுண்ணிய துகள்கள் போய் ஒட்டிக் கோடாக நிற்கும். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வில்லியம் ஹோக் இதைக் கவனித்தது ஒரு பட்டறையில்தான். உருப்படியைக் காந்தத்தால் பிடித்து நிறுத்தும் சக்கில் வைத்த எஃகை அரைத்தபோது உதிர்ந்த தூள், எஃகின் விரிசல் மேல் வரிசையாகப் படிந்திருந்தது. இன்றைக்கு நாம் பயன்படுத்துவது ஒளிரும் பூச்சுள்ள துகள். அதைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ கலந்து, உருப்படி மேல் ஊற்றி, மின்சாரம் கொடுத்து, இருட்டில் புறஊதா வெளிச்சத்தில் பார்க்கிறோம்.

இதில் விரிசலைக் காட்டுவது துகள். மெஷினில் ஆம்பியர் சரியாக ஓடலாம், விளக்கு நன்றாக எரியலாம், பார்க்கிறவருக்குக் கூர்மையான கண் இருக்கலாம். திரவத்தில் துகள் போதவில்லை என்றால் கோடு விழாது. மின்சாரம் பாய்வது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் விரிசலின் வாயைக் கடந்து போகிற திரவத்தில் எத்தனை துகள் இருக்கிறதோ அத்தனைதான் ஒட்டும். பெரிய விரிசல் என்றால் கொஞ்சம் துகளிலும் தெரிந்துவிடும். ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குவது) செய்து கிரைண்டிங் (அரைத்து மெருகேற்றுவது) போட்ட பின்னில் வருகிற மயிரிழை விரிசல் அப்படித் தெரியாது. ஆழம் குறைவு, அகலம் அதைவிடக் குறைவு. அங்கே கசிகிற புலமே பலவீனமானது. ஆளைக் கொல்லும் முறிவு அநேகமாக அப்படி ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடங்குகிறது. துகள் அதிகமானாலும் கெடுதல்தான். பின்னணி முழுவதும் பச்சையாக மினுங்கி, மெல்லிய கோடு அதற்குள் மறைந்துவிடும்.

அதனால்தான் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 100 மி.லி. திரவத்தை ஓர் அளவுக் குழாயில் எடுத்து நிற்கவைத்தால் அடியில் படிகிற ஒளிரும் துகள் 0.1 மி.லி.க்குக் குறையக் கூடாது, 0.4 மி.லி.யைத் தாண்டக் கூடாது. ஒளிராத கறுப்புத் துகள் என்றால் 1.2 முதல் 2.4 மி.லி. வரை. உங்களிடம் வேலை கொடுக்கிற வாகனக் கம்பெனிகள் பல தங்கள் ஆர்டரில் குறிப்பிடுகிற, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் இ 709, இ 1444 ஆவணங்கள் இரண்டிலும் இந்த எண்களைப் பார்க்கலாம்.

வாரம் ஒருமுறை என்ற யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். அதே ஆவணங்களில் எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் "ஒரு வாரம்" என்று இருப்பது திரவத்தில் சேர்ந்த மாசைப் பார்ப்பதற்கு. செறிவுக்கு நேரே இருப்பது எட்டு மணி நேரம் அல்லது ஒவ்வொரு ஷிஃப்ட் மாற்றம். இரண்டும் வேறு வேறு வரிசை. யாரோ அவசரத்தில் ஒரு வரியை மாற்றிப் படித்திருக்கலாம். அப்படித்தான் நடந்தது என்றால் திருத்திவிடலாம், அதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. தெரிந்தே மாற்றியது என்றால், அந்தத் தரத்தின் பெயரைச் சான்றிதழின் தலைப்பில் அச்சடிக்கிற உரிமை கூடத்துக்கு இல்லை.

இனி, அளவு எப்போதும் ஒன்றாகத்தான் வருகிறது என்ற காரணம். என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரே தொகுதியாகச் செய்த ஒரு லாட் பின்களை உங்கள் கூடத்தில் சோதித்து, சான்றோடு வாங்கி அனுப்பினேன். ஹார்டனிங்கும் கிரைண்டிங்கும் வெளியில் ஜாப் ஒர்க்காகச் செய்து வாங்கியது. வாங்கியவர் தன் பக்கத் திருப்திக்காக வேறு ஊரில் மறுபடி சோதிக்கக் கொடுத்தார். அங்கே பல பின்களில் கிரைண்டிங் விரிசல், பக்கத்துப் பக்கத்தில் சிறு சிறு கோடாக வந்தது. படம் எடுத்து அனுப்பினார். பின்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு உங்கள் கூடத்துக்கு நேரில் வந்தேன். தொட்டியின் பதிவேட்டைக் கேட்டேன். காட்டினார்கள், அதற்கு நன்றி. பக்கம் பக்கமாக 0.2, 0.2, 0.2. காலை ஷிஃப்டிலும் 0.2, மாலை ஷிஃப்டிலும் 0.2. தொட்டியில் புதுத் துகள் போட்ட நாளுக்கு முன்னும் 0.2, பின்னும் 0.2. ஒரே மையில், ஒரே சாய்வில் எழுதியது.

வேலை ஓடுகிற தொட்டி அப்படி இருக்காது. ஒவ்வொரு உருப்படியும் வெளியே போகும்போது தன் மேல் ஒட்டிய துகளைக் கொண்டு போகிறது. சுத்தமாகத் துடைக்காமல் வந்த உருப்படி கூலன்ட் எண்ணெயையும் கிரைண்டிங் தூளையும் தொட்டியில் விடுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் ஆவியாகிச் செறிவு ஏறும். உடனே யாராவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள், செறிவு இறங்கும். அப்புறம் நம் ஊர் மின்வெட்டு. பம்பு நின்றால் துகள் முழுவதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மின்சாரம் வந்ததும் பம்பைப் போட்டு உடனே சோதிக்கத் தொடங்கினால், கரண்டியை அடிவரை விடாமல் சாம்பாரை மேலாக மொண்ட மாதிரிதான். பருப்பு கீழேயே கிடக்கும். குறைந்தது 30 நிமிடமாவது பம்பு ஓடித் திரவம் கலங்கிய பிறகுதான் மாதிரியே எடுக்க வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். இத்தனைக்கும் நடுவே தசமம்கூட நகராமல் நிற்கிற எண், தொட்டி நிலையாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. குழாயில் யாரும் பார்க்கவில்லை என்பதற்குத்தான் சாட்சி.

அன்றைக்கு என் கண்முன் ஒருமுறை அளக்கச் சொன்னேன். அறையில் வேலை பார்த்த பெண்ணுக்கு அளக்க நன்றாகவே தெரிந்திருந்தது. ஹோஸ் வாயிலிருந்து பேரிக்காய் வடிவக் கண்ணாடிக் குழாயில் 100 மி.லி. பிடித்தார். துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் தளர்வாகப் படிந்து இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்று, குழாயைக் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் வழியாக எடுத்துவிட்டுத்தான் நிற்க வைத்தார். பக்கத்துப் பவர்பிரஸ் அதிர்வு படாத மூலையாகப் பார்த்து வைத்தார். தண்ணீர்த் திரவம், ஆகவே 30 நிமிடம். எண்ணெய் என்றால் 60 நிமிடம் ஆகியிருக்கும். தெளிந்த பிறகு கறுப்பு விளக்கில் பார்த்தோம். ஒளிர்கிற படிவு 0.1 கோட்டை எட்டவில்லை. அதன் மேல் சாம்பல் நிறத்தில், ஒளிராத அழுக்கு ஓர் அடுக்கு இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தால்தான் 0.2.

அழுக்கையும் துகளாகக் கணக்கெடுத்தால் எண் அழகாக வரும், விரிசல் வராது. ஒளிரும் படிவின் அளவில் 30 சதவீதத்துக்கு மேல் அழுக்கு சேர்ந்தால் திரவத்தையே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பது விதி. நாங்கள் பார்த்தது அதைத் தாண்டிப் போயிருந்தது.

நீங்கள் ஒன்று கேட்கலாம்: நான் வந்து பார்த்த அன்று குறைவாக இருந்தது சரி, என் லாட் ஓடிய அன்று குறைவாக இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. சொல்ல முடியாது. அன்றைக்கு எவ்வளவு இருந்தது என்று என்னாலும் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியாது. என் முறையீடே அதுதான். "விரிசல் இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால், அந்த நேரத்தில் விரிசலைக் காட்டும் நிலையில் திரவம் இருந்தது என்ற ஆதாரம் வேண்டும். அது இல்லாதபோது அந்தத் தாள் சொல்வது "நாங்கள் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை" என்பது மட்டுமே. இருட்டறையில் விளக்கைப் போடாமல் பார்த்தாலும் அதே வாக்கியத்தை எழுதலாம்.

நேரம் மிச்சம் என்கிற கணக்கையும் பார்ப்போம். இந்தத் திங்கட்கிழமை அளந்தீர்கள், சரியாக இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அளக்கிறீர்கள், குறைந்திருக்கிறது. எந்த நாளில் குறைந்தது? தெரியாது. நடுவில் ஓடிய வேலை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. முறைப்படி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிச் சோதிக்க வேண்டும். அதற்குள் அவை வாடிப்பட்டியிலும் உசிலம்பட்டியிலும் டிராக்டரில் ஏறி ஓடிக்கொண்டிருக்கும். ஷிஃப்டுக்கு ஒருமுறை அளந்தால் சந்தேகம் எட்டு மணி நேரத்து வேலையோடு நின்றுவிடும். அந்த வேலை பெரும்பாலும் கூடத்தின் வாசலிலேயே இருக்கும், எடுத்து மறுபடி ஓட்டலாம். அதோடு, அந்த ஒரு மணி நேரம் முழுவதும் வீண் என்பதும் சரியல்ல. பம்பு ஓடுகிற அரை மணியில் உருப்படிகளைத் துடைத்து அடுக்கலாம். குழாய் தெளிகிற அரை மணியில் விளக்கின் வலிமையை மீட்டரில் பார்க்கலாம், குறை எங்கே என்று முன்பே தெரிந்த சோதனை வளையத்தை ஓட்டிப் பார்க்கலாம். நான் வேலை பார்த்த இடத்தில் ஷிஃப்ட் இப்படித்தான் தொடங்கும், அதற்காக உற்பத்தி நின்றதாக எனக்கு நினைவில்லை.

குழுவில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார், குழாய் எல்லாம் பழைய முறை, காந்தத்தால் அளக்கிற கருவி வாங்கிவிடலாம் என்று. வாங்குங்கள், நான் வரவேற்கிறேன். கம்பிச்சுருளுக்குள் திரவத்தை வைத்தால் காந்தத் துகள் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பச் சுருளின் மின்தூண்டல் மாறும். அதைப் படித்து உடனே எண் சொல்லலாம். காத்திருக்க வேண்டாம். மணல், துணிப்பிசிர் போன்ற காந்தமில்லாத அழுக்கை அது கணக்கில் சேர்க்காது. அது பெரிய நன்மை. ஆனால் கிரைண்டிங்கில் உதிர்ந்த இரும்புத் தூளையும் அது துகளாகத்தான் எண்ணும். நாளெல்லாம் பம்பில் அடிபட்டு ஒளிரும் பூச்சு உரிந்துபோன துகளும் அதற்கு நல்ல துகள்தான். விளக்கில் அது மின்னாது என்பது சுருளுக்குத் தெரியாது. குழாயைக் கறுப்பு விளக்கில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், படிவு மங்கியிருக்கும், மேலே நிற்கிற தண்ணீர் ஒளிரும். ஆகவே கருவி வந்தாலும் குழாய் போகக் கூடாது. ஷிஃப்டுக்கு நடுவில் கருவியை வைத்து அடிக்கடி பாருங்கள், ஷிஃப்ட் தொடக்கத்தில் குழாயை வைத்துப் பாருங்கள். கருவி வரும்வரை அளப்பதையே நிறுத்திவைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது துகளைப் பற்றியது அல்ல. என் லாட் திரும்பி வந்ததும் கூடத்தில் முதலில் விளக்கம் கேட்கப்பட்டது அந்த அறையில் உட்காரும் பெண்களிடம்தான் என்று அறிந்தேன். "கவனமில்லாமல் பார்த்தாய்" என்று சொல்லி விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அவர்கள் பார்த்தது அவர்கள் முன் தெரிந்ததை. துகள் ஒட்டாத விரிசலை எந்தக் கண்ணும் பார்க்காது. அந்த அறையில் நான் நின்றது கொஞ்ச நேரம்தான், சட்டை நனைந்துவிட்டது. காற்றோட்டம் கிடையாது. வெயில் காலத்தில் மூச்சு முட்டித் திரையை விலக்கி வைக்கிறார்கள், வெளிச்சம் உள்ளே வருகிறது. 20 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் மெல்லிய கோடு கண்ணுக்குப் படாது. வெளியே போய்த் திரும்பினால் இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடம் வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருக்கும்போது அந்தச் சில நிமிடத்தை யார் எடுப்பார்கள்? பதிவேட்டில் 0.2 என்று எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அளக்க நேரம் கொடுக்காமல், எண் மட்டும் கேட்டால், எண்தான் வரும். வரம்புக்குக் கீழே எழுதினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்: தொட்டியை நிறுத்த வேண்டும், நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். முதலில் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் செறிவை அளக்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு பம்பு மறுபடி ஓடும்போதும், தண்ணீரோ துகளோ சேர்த்த பிறகும் மறுபடி அளக்க வேண்டும். ஒளிரும் படிவு எவ்வளவு, அழுக்கு அடுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். கூட்டி எழுதக் கூடாது.

அந்த இரண்டு எண்ணும், அளந்த நேரமும், அளந்தவரின் கையெழுத்தும் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். லாட் எண்ணுக்கு மேலே ஒரு வரி போதும். வேலை கொடுத்தவர் வந்து குழாயைப் பார்க்க வேண்டும் என்றால் முன் அனுமதி கேட்காமல் பார்க்க விடுங்கள்.

அளவு வரம்புக்கு வெளியே போனால் தொட்டியை நிறுத்தும் அதிகாரத்தை அறையில் இருப்பவருக்கு எழுத்தில் கொடுங்கள். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. என் லாட் தொடர்பாக அவர்களிடம் எழுதி வாங்கிய விளக்கங்களைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். அறைக்குக் காற்றோட்டம் செய்து கொடுங்கள், வெளிச்சம் புகாத இரட்டைத் திரை போடுங்கள். இதற்குப் பங்குதாரர்களிடம் கூடுதல் பணம் வேண்டும் என்றால் என் பங்கை நான் தருகிறேன். கூட்டத்தில் மற்றவர்களையும் கேட்கிறேன்.

கூடத்தோடு தொடர்பில்லாத, இந்தச் சோதனைத் துறையின் உயர்ந்த தகுதியான லெவல் 3 பெற்ற ஒருவரை அழைத்துத் தொட்டி, மெஷின், விளக்கு, பதிவேடு எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் அறிக்கையைச் சுருக்காமல் எல்லாப் பங்குதாரருக்கும் அனுப்புங்கள்.

கடைசியாக, பதிவேட்டில் ஒரே எண் ஓடுகிற அந்தக் காலம் முழுவதற்கும், கூடத்தில் சோதித்து வெளியே போன ராட்டினப் பின், ஸ்டப் ஆக்சில், கிங்பின் லாட்டுகளின் பட்டியலை எடுத்து, வாங்கியவர்களுக்குத் தெரிவியுங்கள். திரும்ப வருவதைக் கூடத்தின் செலவில் மறுபடி சோதியுங்கள். என் லாட்டை நான் ஏற்கெனவே திரும்ப வாங்கி வைத்திருக்கிறேன். மற்றவர்களுடையது எங்கே இருக்கிறது என்று உங்கள் ரசீதுகளில்தான் இருக்கிறது. ராட்டினப் பின்களை முதலில் எடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ராட்டினங்களைப் பூட்டத் தொடங்குவதற்கு முன் அந்த மறுசோதனை முடிந்திருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்தின் பங்குதாரர்களில் ஒருவன்,
திருமங்கலம் சாலை, மதுரை.